கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர்

2017 கோடையில் எங்கள் வீட்டுக்கு ஆர்ஓ மெஷின் விற்க ஒரு பையன் வந்தான். பின்கட்டுக் கிணற்றில் வாளி விட்டுத் தண்ணீர் எடுத்து, பேனா மாதிரி ஒரு கருவியை முக்கிக் காட்டினான். 860 என்று வந்தது. "ஐநூறுக்கு மேல போனா ஆகாது ஆச்சி, கிட்னியைக் கெடுத்துரும்" என்று முகத்தைச் சுளித்தான். விலை எழுதிய தாளின் ஓரத்தில் அந்த 860-ஐ வட்டம் போட்டுக் கொடுத்தான். 14,500 ரூபாய்க்கு மெஷினை வாங்கினேன். டிடிஎஸ் பேனா என்ற அந்தக் கருவியை இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த வருஷம் கஜா புயல் வந்தபோது அந்த மெஷின் எதற்கும் உதவவில்லை, பேனா என்னை ஏமாற்றியது, மேசை டிராயரில் கிடந்த தாள்தான் கடைசியில் நடந்ததைச் சொன்னது.

எங்கள் ஊர் காரைக்குடிக்கும் திருமயத்துக்கும் இடையில் உள்ள சின்னச் செட்டிநாட்டு ஊர். பெரிய வீடு, பங்காளிகள் எல்லாம் வெளியூரில். சென்னையில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் ஆத்தாவுக்கு முடியாமல் போனதும் வேலையை விட்டு வந்தவள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு கிடக்கும் அந்த வீட்டில் நானும் 81 வயது ஆத்தாவும் மட்டும்தான். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபோது கிளம்பி வந்தவர்கள் நாம், அந்தப் பயத்தில்தான் வீட்டை ஆளுயரம் தூக்கிக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதன் சரித்திரம் எப்படியோ, வீட்டுக்குள் வெள்ளம் வராது என்ற தைரியம் எனக்கு இருந்தது. வரவும் இல்லை. ஆனால் பின்கட்டுக் கிணறு தரையோடு தரையாக இருந்தது. அதன் சுற்றுச்சுவரில் ஒரு பக்கம் விரிசல் விட்டு ரொம்ப நாளாயிற்று. கொத்தனாரைக் கூப்பிட வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, புதுக்கோட்டை வழியாக உள்ளே வந்தது. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் புயல் என்ன செய்துவிடும் என்று நினைத்திருந்தேன். வளவு முற்றத்தில் தகரங்கள் அடித்துக்கொண்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விடிந்து பார்த்தால் தெருவில் வேம்பும் புளியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. கரண்டு கம்பம் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. எங்கள் தெருவுக்கு மறுபடி மின்சாரம் வர 11 நாள் ஆனது.

கரண்டு இல்லையென்றால் ஊராட்சி மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் ஓடாது. தொட்டியில் இருந்தது அன்று மதியத்தோடு தீர்ந்தது. ஆர்ஓ மெஷினில் தேங்கியிருந்த ஏழெட்டு லிட்டரும் மறுநாள் காலி. முப்பது ரூபாய் கேன் நூறு ரூபாய்க்கு விற்றது, அதுவும் மூன்றாம் நாள் வரவில்லை. மரங்கள் விழுந்து பாதை அடைபட்டிருந்தது. அப்போது கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் ஆறடி மேலே வந்திருந்தது. கப்பியில் கயிறு போட்டு இறைத்தால் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு தூசி இல்லை. பேனாவை முக்கினேன். 240!

அந்த எண்ணைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஆத்தாவிடம் ஓடிப் போய், "கிணத்துத் தண்ணி இப்போ மெஷின் தண்ணி மாதிரி ஆயிருச்சு ஆத்தா" என்றேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இளநி மாதிரி இருக்குடி" என்றது ஆத்தா. எதிர்வீட்டு ஆச்சிக்கும் இரண்டு குடம் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் காய்ச்சித்தான் குடித்தோம். சிலிண்டர் முடியப்போகிறது, அடுத்த சிலிண்டர் எப்போது வருமோ என்ற கவலையில் மூன்றாம் நாளிலிருந்து வேட்டித் துணியில் வடிகட்டியதோடு விட்டேன். 240 என்ற எண் இருக்கும்போது எதற்குக் காய்ச்ச வேண்டும் என்று மனசு சொல்லிக்கொண்டது.

ஆறாம் நாள் ராத்திரி ஆத்தாவுக்கு வாந்தி பேதி. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தேன், அதையும் அதே தண்ணீரில் கலந்துதான் கொடுத்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. விடியும்போது ஆத்தாவின் கண் உள்ளே போய்விட்டது. தெரிந்த பையன் ஒருவன் ஆட்டோவில் ஊர் ஊராகச் சுற்றி, விழுந்த மரங்களுக்கு ஊடே புகுந்து காரைக்குடிக்குக் கொண்டுசேர்த்தான். நாலு நாள் படுக்கை, சலைன், மருந்து எல்லாம் சேர்த்து 38,400 ரூபாய். "என்ன தண்ணி குடிச்சாங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் பெருமையாக டிடிஎஸ் 240 என்றேன். அவர் திட்டவில்லை. "அது உப்புக் கணக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். சென்னையிலிருந்து அண்ணன் போனில், "காய்ச்சிக் குடிக்கணும்னு கூடவா தெரியாது?" என்றான். அன்றைக்கு அவனோடு பேச்சை நிறுத்தியவள் பொங்கல் வரைக்கும் பேசவில்லை. அவன் சொன்னது சரி என்பதுதான் கோபம்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். டிடிஎஸ் பேனா தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புக்களை மட்டும்தான் காட்டும், அதுவும் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்த்துப் போடும் மதிப்பீடுதான். கிருமி கோடிக்கணக்கில் இருந்தாலும் எண் அசையாது. விற்க வந்த பையன் சொன்னதும் பாதி உண்மைதான். ஐஎஸ் 10500 என்ற குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு, வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. எங்கள் 860 கொஞ்சம் உப்புக் கரித்ததே தவிர, மூன்று தலைமுறையாக யாரையும் படுக்கவைத்ததில்லை. படுக்கவைத்தது 240.

ஆத்தா வீடு திரும்பியபின், குடிநீர் வாரிய ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரைத் தெரிந்தவர் மூலம் பிடித்தேன். போனில் முழுக் கதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "புயலுக்கு முன்னாடி எவ்வளவும்மா இருந்துச்சு?" நான் எழுதி வைக்கவில்லை. டிராயரைக் குடைந்தபோது அந்த விலைத் தாள் கிடைத்தது. 860 என்றதும் அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பாடமாக மனசில் நிற்கிறது. மழை பத்து அங்குலம் பெய்தால், கிணற்று வாய் வழியாக விழுவது கிணற்றுத் தண்ணீரைப் பத்து அங்குலம்தான் உயர்த்தும். ஒரே புயலில் ஆறடி ஏறி, உப்பும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்றால், மண்ணில் நின்று நிதானமாக ஊறி வந்த தண்ணீர் இல்லை அது. தரைமேல் ஓடிய தண்ணீர் ஓட்டை வழியாக நேராக உள்ளே புகுந்திருக்கிறது. வரும் வழியில் எதைத் தொட்டு வந்தது என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். விரிசல் விட்ட பக்கத்திலிருந்து இருபது அடியில், வெளிநாட்டு உறவினர்கள் வந்தால் தங்க வசதியாக 2015-ல் நானே முன்னின்று கட்டிய கழிப்பறையின் செப்டிக் டேங்க். கிணற்றுக்கும் அதற்கும் குறைந்தது 50 அடியாவது வேண்டுமாம். கட்டும்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆக நான் கொண்டாடிய அந்த எண்தான் ஆபத்தின் அறிகுறி. முந்தைய எண் கையில் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். என்னைக் கேட்டால், பேரிடருக்கென்று தண்ணீர்ப் பரிசோதனை பழகுவதில் முக்கால்வாசி இதுதான்: மழை தண்ணி இல்லாத சாதாரண நாளில் உங்கள் கிணறு, போர், ஊருணி எப்படி இருக்கிறது என்று அளந்து தேதியோடு எழுதி வைப்பது. கடையில் வாங்கும் கருவிக்கு இரண்டாவது இடம்தான்.

கிணற்றைச் சரிசெய்யப் போனதும் ஒரு தனிப் பாடு. ஊராட்சியில் பரிசோதனைப் பெட்டி இருக்கிறது என்றார்கள். பீரோவிலிருந்து எடுத்தார்கள், சீல் பிரிக்காமல் புதுசு போலவே இருந்தது, உள்ளே மருந்துகளின் தேதி முடிந்து இரண்டு வருஷம். பிளீச்சிங் பவுடர் கேட்டேன், வாய் கட்டாத மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்தார்கள். கட்டி கட்டியாக, வாசனையே இல்லாமல் சுண்ணாம்பு போல இருந்தது. இரண்டு கை அள்ளிக் கிணற்றில் தூவிவிட்டுக் கடமை முடிந்தது என்று வந்தேன். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். ஈரமும் வெளிச்சமும் பட்டால் அது பறந்துபோய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறவில்லை என்றால் அதை நம்ப வேண்டாம்.

தண்ணீரைச் சோதிக்க மாவட்ட ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துப் பையில் போட்டு இரண்டு பஸ் மாறி. கிருமிச் சோதனைக்கு அது செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களிடமே வாங்கி, விரல் உள்ளே படாமல் பிடித்து, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே கொண்டுவர வேண்டும். குளோரின் போட்ட தண்ணீருக்கு உள்ளே மருந்து போட்ட பாட்டில் தனி. இதை ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் ஒரு நாளும் 260 ரூபாய்ப் பயணமும் மிச்சம். இரண்டாம் தடவை ஒழுங்காகக் கொண்டுபோனேன். முடிவு வந்தபோது எனக்கு ஆச்சரியம் இல்லை. 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாத மலக்கிருமி எங்கள் தண்ணீரில் எண்ண முடியாத அளவுக்கு இருந்தது.

பிறகு அந்த ஓய்வுபெற்ற சாரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். முதல் வேலையாக விரிசலைப் பூசி, சுற்றுச்சுவரை மூன்றடி உயர்த்தச் சொன்னார். செப்டிக் டேங்கை மூடி முகப்புப் பக்கம் புதிதாகப் போட வேண்டியிருந்தது, அந்தச் செலவைத் தனியாகச் சொல்லி என்ன ஆகப்போகிறது. கிணற்றை இறைத்துச் சேறு வாரியபின் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பார்க்க வேண்டும். எங்கள் கிணறு ஆறடி அகலம், ஐந்து மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 13,000 லிட்டர். சாதாரண நாளில் 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பவுடர் என்பது கணக்கு, எங்களுக்கு 33 கிராம். நான் தூவிய இரண்டு கைக்கு எந்தக் கணக்கும் இல்லை. சாக்கடை புகுந்த கிணற்றைக் கழுவும்போது மட்டும் பல மடங்கு தேவை, எங்களுக்கு இரண்டு கிலோவுக்கு மேலே போனது. அப்படிப் போட்ட தண்ணீரைக் குடிக்கக் கூடாது, ஊறவிட்டு முழுக்க இறைத்துக் கொட்ட வேண்டும். இதை அனுபவம் உள்ள ஆள் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள். பவுடரை நேராகக் கொட்டாமல் வாளியில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல்தெளிவை மட்டும் வேறு வாளியில் எடுத்து, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டிக் கலக்கினார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்த தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும், வெள்ள நேரத்தில் 0.5. போட்டது எவ்வளவு என்பது பெரிசில்லை, மிச்சம் எவ்வளவு என்பதுதான் பேச்சு என்றார்.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரின் வீண் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுக்கே அதைத் தின்றுவிடும். எங்கள் அப்பத்தா ஊருணித் தண்ணீர்க் குடத்தின் உள்வயிற்றில் தேத்தான்கொட்டையைத் தேய்த்துவிட்டுத்தான் ஊற்றி வைக்கும். அதைப் பழங்காலத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அழுக்கு அடியில் படிந்தபின் மேலே இருப்பதைக் காய்ச்சலாம், குளோரின் போடலாம். கொட்டை மட்டும் கிருமியைத் தீர்க்காது.

2019-ல் வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டம் வந்தபின் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி என்றார்கள். எங்கள் ஊரில் நான் பெயர் கொடுத்தேன். பயிற்சி வகுப்பு விசிறிக்கு அடியில், டியூப்லைட் வெளிச்சத்தில், தேநீரோடு நடந்தது. புயல் அப்படியா வருகிறது? அதனால் ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சோதனை செய்து பார்த்தேன். எதிர்வீட்டு ஆச்சி, "கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?" என்றார். எல்லாம் தப்பாகப் போனது. என் பெட்டியில் குளோரினுக்கு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும், அதை அட்டையோடு ஒப்பிட வேண்டும். டார்ச் வெளிச்சமே மஞ்சள், எந்த மஞ்சளோடு எதை ஒப்பிடுவது? சில விநாடிகளுக்குள் பார்க்க வேண்டியதை அட்டையைத் தேடி ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தேன், நிறம் அதற்குள் கூடிவிட்டது. இப்போது காலை ஏழு மணிக்கு, முற்றத்தில், வெள்ளைத் துணிக்கு முன்னால் பிடித்துப் பார்க்கிறேன். இதையெல்லாம் உண்மையான புயலன்று கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கிருமிக்கு எச்டூஎஸ் குப்பி. நம் நாட்டு விஞ்ஞானிகள் 1982-ல் வெளியிட்ட எளிய முறை அது. குறியீடு வரை தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், மலக்கலப்பு இருக்கும் தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். மின்சாரம், நுண்ணோக்கி எதுவும் வேண்டாம். நான் முதல் தடவை வைத்த நாலு குப்பியும் கறுத்தன, மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் உட்பட. பதறிப்போய் ஊராட்சியில் சத்தம் போட்டேன். பிறகு பார்த்தால் மூடியின் உள்பக்கத்தை விரலால் பிடித்திருக்கிறேன். அன்றிலிருந்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஒரு குப்பி சேர்த்து வைக்கிறேன். அதுவும் கறுத்தால் தப்பு என் கையில். மழைக்காலத்தில் இரவு குளிர்ந்துவிடும், குப்பி கறுக்கத் தாமதமாகும். கம்பளியில் சுற்றி அடுப்படி மூலையில் வைத்து, இரண்டு நாளும் பார்த்துவிட்டுத்தான் நல்லது என்று சொல்வேன். கறுக்காத குப்பி பூச்சிமருந்து, ஃப்ளோரைடு பற்றி எதுவும் பேசாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு ஆய்வகம்தான்.

2020 டிசம்பரில் புரெவி புயல் வந்து நாள்கணக்கில் மழை பிடித்துக்கொண்டது. தினம் காலையில் கிணற்றின் ஆழம், டிடிஎஸ், கலங்கல் மூன்றையும் பார்த்து எழுதினேன். மூன்றாம் நாள் 840-லிருந்து 610-க்கு இறங்கியது. தண்ணீர் அதே கண்ணாடிதான். அன்றைக்கே கப்பியிலிருந்து கயிற்றைக் கழற்றிவிட்டேன். குப்பி மறுநாள் சாயங்காலம் கறுத்தது. புதுச் சுவருக்கு வெளியே எலி பறித்த வளை ஒன்று இருந்திருக்கிறது. ஆத்தாவும் நானும் அந்த வாரம் முழுக்க, மழைக்கு முன்பே பிடித்து வைத்திருந்த அண்டாத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தோம். அடுப்புக்கு இரண்டாவது சிலிண்டரும் ஒரு கட்டு விறகும் புரட்டாசியிலேயே வாங்கி வைத்திருந்தேன். எதிர்வீட்டு ஆச்சி இந்தத் தடவை குடத்தோடு வந்து, "கறுத்துச்சா இல்லையா, அதை மொதல்ல சொல்லு" என்று வாசலிலேயே நின்றார்.

ஆத்தா அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தது. தூக்கத்தில் போனது, தண்ணீரால் இல்லை.

நோட்டு இப்போது மூன்றாவது ஓடுகிறது. கிணறு, குடிநீர் ஊருணி, மேல்நிலைத் தொட்டி, பள்ளிக்கூடத்துக் குழாய் என்று நாலு இடம். மாசியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை, மழை பிடித்தால் தினம். பள்ளிக்கூடத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களுக்கு நிறம் பார்க்க என் கண்ணைவிட நன்றாக வருகிறது. குப்பிப் பெட்டியில் இன்னும் மூன்றுதான் மிச்சம். அவற்றின் தேதியும் தை மாதத்தோடு முடிகிறது. அடுத்த வாரம் புதுக்கோட்டை போகும்போது வாங்க வேண்டும்.